எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்: மும்பைத் தமிழ்க் குழுவின் கையேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

கிங்சர்க்கிள்:
மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குத் தயாராகிறவர்களுக்கும் செய்துகொண்டவர்களுக்கும் நடக்கும் நம் தமிழ்க் குழுவுக்கு ஒரு கையேடு தயாராகிறது. ஆஸ்பத்திரியில் தரும் தாள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கிறது. தலியா, போஹா, மூங் தால் கிச்சடி என்று அதில் போட்டிருப்பதை வீட்டில் யாரும் பின்பற்றுவதில்லை, தெரிந்த கஞ்சிக்கும் ரசம் சாதத்துக்கும் மாறிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

ஸ்லீவ் நல்லதா பைபாஸ் நல்லதா என்று இங்கே தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், அதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம். பைபாஸில் சத்துக் குறைபாடு கூடுதலாக வரும். எண்டோஸ்கோப்பி பார்த்த பிறகு சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. நாம் பேச வேண்டியது வீட்டில் நடப்பதைப் பற்றி. விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
முன்தயாரிப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெரும்பாலான இடங்களில் ஆபரேஷனுக்கு முன் 2 வாரம் குறைகலோரி உணவு தருவார்கள், நாளுக்கு 800 முதல் 1000 கலோரி. எடையைக் குறைத்துக் காட்டத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் கல்லீரல். கல்லீரலின் இடது மடல் இரைப்பைக்கு மேலே படிந்திருக்கிறது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கு அது வீங்கிக் கனத்திருக்கும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனில், அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையின் மேல்முனை தெரியும். கனத்த கல்லீரல் தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியலாம். பார்வை சரியாகக் கிடைக்காவிட்டால் வயிற்றைத் திறந்து செய்யவோ, பாதியில் நிறுத்தவோ நேரலாம். மாவுச்சத்தைக் குறைத்ததும் கல்லீரலில் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்த சர்க்கரையும் அதோடு ஒட்டிய தண்ணீரும் முதலில் வெளியேறும், 2 வாரத்தில் கல்லீரல் நன்றாகச் சுருங்கும்.

அதனால்தான் "கடைசியா ஒரு தடவை ஆசை தீரச் சாப்பிட்டுக்கட்டும்" என்று முந்தின வாரம் விருந்து வைக்கும் உறவினர்களுக்கு இதைப் புரிய வைப்பது அவசியம். அந்த ஒரு வேளைப் பிரியாணியும் பாயசமும் கிளைகோஜனைத் திரும்ப நிரப்பிவிடும்.

செம்பூர்_டயட்:
சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் 'தண்ணி ஆகாரம்' என்றாலே லேசானது என்று எண்ணம். அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, சர்க்கரை போட்ட ராகிக் கூழ், சாத்துக்குடி ஜூஸ், நாள் முழுக்க இளநீர் எல்லாம் திரவம்தான், ஆனால் அத்தனையும் மாவும் சர்க்கரையும். 2 வாரம் இதையே குடித்தவரின் கல்லீரல் சுருங்காது, பசியும் அடங்காது.

முன்தயாரிப்பு உணவில் புரதம் இருக்க வேண்டும். காலையில் 200 மில்லி டோன்ட் பாலில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி). 11 மணிக்கு நீர்மோர். மதியம் 2 முட்டை அல்லது 75 கிராம் பனீர், கூடவே பூசணி, சுரைக்காய், கோஸ் மாதிரி ஒரு காய், எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்குள். சாயங்காலம் மறுபடி புரோட்டீன் ஷேக், ராத்திரி கெட்டிப் பருப்பும் கீரையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடை_முலுண்டு:
சுகர் மாத்திரை எடுப்பவர்கள் இந்த 2 வாரத்தில் கவனம். சாப்பாடு பாதியாகும்போது கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே போனால் சுகர் சட்டென்று இறங்கும். உணவு மாறும் நாளிலேயே டோஸையும் மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரையை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சுகர் அளவு சாதாரணமாகவே காட்டினாலும் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் இந்த மருந்தால் வரலாம், பட்டினி கிடக்கும்போது அபாயம் இன்னும் கூடும். சுகர் மெஷினை நம்பி ஏமாறக் கூடாது.

சுகருக்கோ எடை குறையவோ செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசி போடுபவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. ஹோமியோபதி, நாட்டு மருந்து, கருத்தடை மாத்திரை எதையும் விடாமல் பட்டியலாக எழுதிக்கொண்டு போங்கள். ஈஸ்ட்ரஜன் உள்ள மாத்திரை ரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும்.

புகையிலையும் இதில் சேர்த்தி. சிகரெட் மட்டும் இல்லை, குட்காவும் மிஷ்ரியும் (பல்லில் தேய்க்கும் வறுத்த புகையிலைப் பொடி) கணக்கில் வரும். குறைந்தது 6 வாரம் முன்பே விட வேண்டும், பிறகும் தொடக் கூடாது. பைபாஸ் இணைப்பில் புண் வர அது முக்கியக் காரணம்.

ஆன்டாப்ஹில்:
இன்சூரன்ஸ் பாலிசி விஷயத்தையும் முன்தயாரிப்பில் போடணும். யாராவது விவரமா சொல்லுங்க. டாக்டர் 'செய்யலாம்'னு சொல்லியும் கிளெய்ம் திரும்பி வர்றது ஏன்?

பாலிசி_படிப்பவர்:
ரெண்டு அளவுகோலும் வேறவேற என்பதால். 2022-இல் சர்வதேச அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டலின்படி பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற குறியீடு) 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் ஆபரேஷன் பரிந்துரைக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம். இன்சூரன்ஸ் பாலிசிகளில் 'எக்ஸ்க்ளூஷன் 06' என்ற பொது விதி இருக்கிறது. அதன்படி பணம் கிடைக்க வயது 18 ஆகியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் வேண்டும். 35-க்கு மேல் என்றால் கூடவே இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை இவற்றில் ஒன்று இருந்து, மற்ற எடைக்குறைப்பு முறைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

160 செ.மீ. உயரமுள்ளவருக்கு பிஎம்ஐ 35 என்பது சுமார் 90 கிலோ, 40 என்பது சுமார் 102 கிலோ. இடையில் இருப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தூக்கப் பரிசோதனை அறிக்கை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), முன்பு டயட்டீஷியனிடம் போன சீட்டுகள் எல்லாம் தேதியோடு கையில் இருக்கட்டும். காத்திருப்புக் காலம் முடிந்ததா என்றும் பாருங்கள். முன் அனுமதி எழுத்தில் வராமல் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். முன்தயாரிப்பு உணவில் பிஎம்ஐ 40-க்குக் கீழே இறங்கிவிட்டால் கேள்வி வரும், எனவே உணவு தொடங்கும் முன் எடுத்த எடையை டாக்டர் கையெழுத்தோடு ஃபைலில் ஏற்றிவிடுங்கள்.

டோம்பிவிலி_லோக்கல்:
ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டாவது வாரமே ரசம் சாதத்தை நல்லா குழைச்சுக் கொடுத்தா என்ன? குழந்தைக்கே கொடுக்கிறோமே. வெறும் தண்ணியில பலம் எப்படி வரும்?

செம்பூர்_டயட்:
கொடுக்கக் கூடாதுங்க. உள்ளே நீளமான ஸ்டேப்பிள் கோடு ஆறிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் வீக்கம் இருக்கிறது, வழி ஒடுங்கியிருக்கிறது. குழைத்த சாதம் கரைவதில்லை, பசையாகத் திரண்டு அங்கே நின்றுவிடும். அப்புறம் நெஞ்சில் கல் வைத்த மாதிரி அடைப்பு, வாயில் நுரை நுரையாக உமிழ்நீர், வாந்தி. வாந்தியின் அழுத்தம் முழுவதும் ஆறாத தையல் மேல் விழும்.

பொதுவாகப் போகிற வரிசை இது. உங்கள் சர்ஜன் வேறு சொன்னால் அதுவே செல்லும். முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம்: வெந்நீர், வடிகட்டின பருப்புத் தண்ணி, புளி குறைத்து மிளகாய் இல்லாமல் வடிகட்டின ரசம், அளவாக இளநீர். 2 வாரம் வரை புரோட்டீன் கலந்த பால், வடிகட்டின மோர், சூப். மூன்றாவது நாலாவது வாரம் மிக்ஸியில் அரைத்தது: பாசிப்பருப்பு, மசித்த பனீர், முட்டையைத் தயிரோடு அரைத்தது, மீன் சாப்பிடுபவர்களுக்கு முள் நீக்கி மசித்தது. ஐந்தாம் வாரத்திலிருந்து மென்மையான உணவு. 2 மாதம் போல ஆன பிறகு சாதாரணச் சாப்பாடு, அப்போதும் முதலில் புரதம், அடுத்து காய், இடம் இருந்தால் மட்டும் ஒரு கரண்டி சாதம்.

இட்லியையும் பிரெட்டையும் பலர் சீக்கிரம் தொடங்குவார்கள். மென்மைதான், ஆனால் ஒரு இட்லியில் 2 கிராம் புரதம் கூடத் தேறாது, உள்ளே உப்பி அடைக்கவும் செய்யும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகும். நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள், மெல்ல நடங்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
திட உணவை விடத் தண்ணீர் குறைவதுதான் முதல் மாதத்தில் அதிகம் பேரை ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுவருகிறது என்று சொல்வேன். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க இனி முடியாது, ஆனால் நாளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் உள்ளே போயாக வேண்டும். கணக்கு இப்படி: 15 நிமிடத்துக்கு 30 மில்லி. இருமல் சிரப் பாட்டிலோடு வரும் அளவு மூடி 10 மில்லி என்றால் மூன்று மூடி. ஒரு மணிக்கு 120 மில்லி, விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் சுமார் 1.7 லிட்டர். 'தாகம் எடுத்தால் குடிக்கலாம்' என்று விட்டால் 600 மில்லியைத் தாண்டாது. போனில் அலாரம் வையுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம், அண்ணாந்து குடிப்பது. அதை விட்டுவிட வேண்டும். ஊற்றும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது, அளவு கையில் இல்லாமல் ஒரே மடக்காக இறங்குகிறது. சின்ன இரைப்பை அதைத் தாங்காது, நெஞ்சுக்கூட்டில் இறுக்கிப் பிடிக்கும். தனி டம்ளர் ஒன்று ஒதுக்கி, உதடு வைத்து, நாக்கு நனைகிற அளவு உறிஞ்சட்டும். எச்சில் என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால் அந்த டம்ளரை அவரே கழுவி வைத்துக்கொள்ளட்டும். சோடா, குளிர்பானம் வேண்டாம். திட உணவு தொடங்கியதும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் இல்லை.

மூத்திரம் மஞ்சளாகக் கறுத்தால், எழுந்தால் கிறுகிறுத்தால் நீர் போதவில்லை. பிரஷருக்கு மூத்திர மாத்திரை எடுப்பவருக்கு இது இன்னும் சீக்கிரம் வரும், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆன்டாப்ஹில்:
சிஸ்டர், பக்கத்து கிளினிக்ல ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திக்கிட்டா சரியாயிடும்னு நிறைய பேர் போறாங்க. அதைப் பத்தி எழுதுங்க. குழுவில் அடிக்கடி வர்ற விஷயம்.

தியேட்டர்_சிஸ்டர்:
கையேட்டில் கட்டம் கட்டிப் போட வேண்டிய விஷயமே இதுதான்.

உடலில் தயமின், அதாவது பி1, சில வாரத்துக்கு மட்டுமே கையிருப்பு இருக்கும். குறைவாகச் சாப்பிட்டு, கூடவே வாந்தியும் தொடர்ந்தால் அது தீர்ந்துவிடும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படும். கண் தடுமாறும், பொருள் இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். வெர்னிக்கி என்று பெயர். உடனே ஊசியாகத் தயமின் கொடுத்தால் திருப்பலாம், தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். ஆகவே, இந்த ஆபரேஷன் செய்தவருக்கு 2–3 நாள் வாந்தி நிற்காவிட்டால் தெரு முனைக் கிளினிக் வேண்டாம். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போடுங்கள். எங்கே டிரிப் ஏற்றினாலும் "முதலில் தயமின், பிறகுதான் குளுக்கோஸ்" என்று கூட இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, லீக், அதாவது ஸ்டேப்பிள் போட்ட இடத்தில் உள்ளே கசிவது. பெரும்பாலும் முதல் 2 வாரத்துக்குள் வரும். வயிற்று வலியை எதிர்பார்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், நாடி முதலில் சொல்லும். சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-ஐ ஒட்டி ஓடுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, இனம் தெரியாத பதைப்பு. இவற்றில் எது வந்தாலும் ராத்திரி 2 மணியானாலும் கிளம்ப வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் ரத்தக்கட்டி, அதுவும் அவசரமே.

டோம்பிவிலி_லோக்கல்:
புரிஞ்சுதுங்க, ரசம் சாதத்தை விட்டாச்சு. வேலைக்கு எப்போ போகலாம்? இங்கேர்ந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் போகணும்னா கூட்டம் எப்படின்னு தெரியும்.

ஆன்டாப்ஹில்:
மேசை வேலைன்னா 2 முதல் 3 வாரம், தூக்கி இறக்குற வேலைன்னா 6 வாரம் வரைக்கும்னு டாக்டர்கள் சொல்வாங்க. ஆனா அந்தக் கணக்குல லோக்கல் டிரெயின் இல்லை. காலை 8 மணி ஃபாஸ்ட்ல ஒருத்தர் முழங்கை வயித்துல இடிச்சா, துளை போட்ட இடத்துல குடலிறக்கம் வர வழி. முதல் மாசம் ஸ்லோ வண்டி, கூட்டம் குறைஞ்ச நேரம், முடிஞ்சா வீட்டிலேர்ந்து வேலைன்னு ஆபீஸ்ல முன்னாடியே எழுதி வாங்கிக்கணும். பைல லேப்டாப், டிபன், தண்ணி பாட்டில் சேர்ந்தா 5 கிலோ சுலபமா வந்துடும், 6 வாரம் அதைத் தூக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரப் பயணத்துல உறிஞ்ச வேண்டிய 180 மில்லியும் மறந்துடும், சின்ன பாட்டில் கையிலேயே இருக்கட்டும்.

ஊருக்குப் போய் அம்மா வீட்டுல தேறிக்கலாம்னு நாகர்கோவில் வண்டியில ஏறுறவங்களும் உண்டு. முதல் மாசம் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தா ரத்தக்கட்டி பயம், வழியில ஏதாவதுன்னா சர்ஜன் கைக்கெட்டாத தூரம். அம்மாவை இங்க வரவழைங்க.

நடைப்பயிற்சி ஆபரேஷன் அன்னிக்கே வார்டுல தொடங்கிடும். வீட்டுக்கு வந்ததும் 10 நிமிஷம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. மழைக்காலத்துல ஃபைவ் கார்டன்ஸ் பார்க்குக்குப் போக முடியாதுன்னா கட்டட வராந்தாவே போதும்.

மருந்துக்கடை_முலுண்டு:
மாத்திரை விஷயம். தலைவலி, கால்வலி என்று காம்பிஃப்ளாம் வாங்குகிறார்கள். அதில் பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபென் இருக்கிறது. டைக்ளோஃபினாக், நிமசுலைடும் அதே வகை. பைபாஸ் செய்தவருக்கு இவை இணைப்பில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும், ஓட்டை கூட விழலாம். வெறும் பாராசிட்டமால் கேட்டு வாங்குங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது. இஆர், எஸ்ஆர் என்று போட்ட, மெல்ல மெல்லக் கரையும் மாத்திரையைப் பொடித்துப் போட்டால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும். மாற்று வடிவம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும். மல்டிவிட்டமின், பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி, கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம், விட்டமின் டி3 தினமும் 3000 யூனிட், மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். கால்சியம் ஒரே நேரத்தில் 500–600 மில்லிகிராமுக்கு மேல் உடலில் ஏறாது, பிரித்துப் போடுங்கள். சிட்ரேட் வகை நல்லது, அமிலம் குறைந்த வயிற்றிலும் கரையும். கால்சியமும் இரும்பும் 2 மணி நேர இடைவெளியில். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் 4 மணி நேரம். பித்தக்கல் வராமல் இருக்க 6 மாதம் உர்சோடியாக்சிகோலிக் ஆசிட் எழுதுவார்கள், வயிற்றில் ஒன்றும் இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். வேகமாக எடை குறையும்போதுதான் கல் உண்டாகும்.

செம்பூர்_டயட்:
இரும்பு மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்கினால் பாதி வீண். காபி, டீக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைத் தண்ணியோடு.

புரதக் கணக்கு கேட்பவர்களுக்கு: இலக்கு நாளுக்கு 60 முதல் 80 கிராம். ஒரு ஸ்கூப் வே 24, அதைக் கலக்கும் 200 மில்லி பால் 6, முட்டை 2 என்றால் 12, பனீர் 50 கிராம் 9, அரைக் கப் கெட்டிப் பருப்பு 5, ஒரு சின்னக் கிண்ணம் தயிர் 4. கூட்டினால் 60. இதில் ஸ்கூப்பை எடுத்துவிட்டால் 36-க்கு வந்துவிடும். சைவர்கள் ஷேக்கை நிறுத்தும் முன் இதை யோசிக்க வேண்டும். மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொட்டுவது பலருக்கும் வரும், எடை இறங்கும் வேகத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை, சில மாதத்தில் திரும்ப முளைக்கும். ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தால் நீளும்.

ஒரு வருடம் கழித்து எடை திரும்ப ஏறுவதற்கு நம் வீட்டு வழி முறுக்கும் மிக்சரும். வாயில் நொறுங்கிக் கரைந்து உள்ளே தங்காமல் வழுக்கிக்கொண்டு போகும், சின்ன இரைப்பை நிறைந்ததே தெரியாது. காபியோடு சேர்த்தால் இன்னும் வேகம். கோழி ரெண்டு துண்டில் நிறைகிற அதே வயிறு மிக்சரை அரைப் பாக்கெட் ஏற்கும். பைபாஸ்காரர்களுக்கு மோதகம், பாயசம் சாப்பிட்ட 10–30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஒன்று முதல் 3 மணி நேரம் கழித்து சுகர் இறங்கி மயக்கம் வருவது வேறு, அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர்கூட இல்லாத விரதமும் நோன்பும் முதல் வருடம் சர்ஜனைக் கேட்காமல் வேண்டாம்.

கிங்சர்க்கிள்:
எல்லோருக்கும் நன்றி. குழு நடத்தும் முறை பற்றியும் முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வாரா வாரம் எடையைப் போடும் வழக்கத்தை நிறுத்தலாம் என்பது என் கருத்து. மூன்றாவது வாரம் போல எடை இறங்காமல் நிற்பது சகஜம். அந்த நேரத்தில் இன்னொருவரின் 'மைனஸ் 9' பார்த்துவிட்டு சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், சத்து போகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும், 140 கிலோவுக்கும் 95 கிலோவுக்கும் ஒப்பீடே கிடையாது. எடைக்குப் பதில் 'இன்று தண்ணீர் எவ்வளவு, புரதம் எவ்வளவு' என்று போடட்டும்.

ஆன்டாப்ஹில்:
ஒப்புக்கறேன் அண்ணா. கூடவே, புதுசா வர்றவருக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் தாண்டின ஒருத்தரைத் துணைக்குப் போடுங்க. முதல் 10 நாள் தினமும் ஒரு போன், அதுல நாலே கேள்வி: நாடி எவ்வளவு, மூத்திரம் எந்த நிறம், வாந்தி உண்டா, மாத்திரை போட்டாச்சா. பதில் சரியில்லைன்னா துணைவர் வைத்தியம் சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரி நம்பரைச் சொல்லணும். டோஸ் பகிர்றதுக்குத் தடை.

மனசு பத்தியும் பேச இடம் வேணும். சாப்பாட்டால ஆத்திக்கிட்ட துக்கம் அப்படியே இருக்கு, சாப்பாடுதான் போயிடுச்சு. சிலர் குடிக்குத் திரும்புறாங்க. பைபாஸுக்குப் பிறகு மது சீக்கிரம் ஏறும், அடிமையாகிற அபாயம் ரெண்டாவது வருஷத்துல கூடும். வாழவே பிடிக்கலைன்னு யாராவது சொன்னா 'சரியாயிடும்'னு விடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

தியேட்டர்_சிஸ்டர்:
பெண்கள் கூட்டத்தைத் தனியாகவும் வையுங்கள் தம்பி. எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகி எதிர்பாராமல் கரு தரிக்கும். 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும், பைபாஸுக்குப் பிறகு வாய்வழி மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. ஆண்கள் இருக்கும் அறையில் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள்.

டோம்பிவிலி_லோக்கல்:
மயங்கி விழுந்து வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டா அவங்களுக்கு எப்படித் தெரியும்?

தியேட்டர்_சிஸ்டர்:
பர்சில் ஒரு அட்டை. ஆங்கிலத்தில் இருக்கட்டும், கேஷுவாலிட்டி டாக்டர் படிப்பார். ஆபரேஷனின் பெயரும் தேதியும், சர்ஜனின் போன், "குளுக்கோஸுக்கு முன் தயமின்", "ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் தராதீர்கள்", "உள்ளே பார்க்காமல் மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் செலுத்தாதீர்கள்" என்ற மூன்று வரி. இதையே தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், 108-க்குப் போன் செய்பவர் அதைப் பார்த்துப் படித்துச் சொல்லட்டும். 3, 6, 12 மாத ரத்தப் பரிசோதனைத் தேதியும் அட்டையின் பின்பக்கம் எழுதலாம், அதன் பிறகு வருடம் ஒரு தடவை.

கிங்சர்க்கிள்:
அட்டை மாதிரி இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குள் தயாராகிவிடும். சிஸ்டரும் முலுண்டு அண்ணாவும் அச்சுக்குப் போகும் முன் மருந்துப் பெயர்களை ஒருமுறை சரிபார்த்துத் தாருங்கள்.